இங்கே ஒரு சுவர் இருந்தது

மனிதர்களில் எத்தனையோ வகை. ஒலிபெருக்கி நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே அதைத் தட்டிப் பார்த்து "ஹலோ, ஹலோ" என்பவர்கள் ஒரு வகை. லிஃப்டுக்காக நாம் ஏற்கெனவே அமுக்கிய பொத்தானை, நம் விரலில் நம்பிக்கை இல்லாமல் வந்து மறுபடியும் அமுக்குபவர்கள் இன்னொரு வகை. இவர்களையெல்லாம் நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். இன்றைக்கு உங்களுக்கு அறிமுகப்படுத்தப்போவது இவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் ஓர் இனம்.

வீட்டைப் புதுப்பித்தவர்.

வீடு கட்டியவரை இவரோடு சேர்த்துவிடாதீர்கள். கட்டியவர் களைத்துப் போயிருப்பார்; அவரை உட்காரவைத்து நாம்தான் தண்ணீர் கொடுக்க வேண்டும். வீடு வாங்கியவர் பத்திரத்தைப் பற்றிய கவலையில் இருப்பார். புதுப்பித்தவர் ஒருவர்தான் குளித்து, தலைவாரி, முகம் மலர்ந்து, கதவுக்குப் பின்னால் உங்களுக்காகக் காத்திருப்பார்.

நீங்கள் மணியை அடிக்கிறீர்கள். மற்ற வீடுகளில் என்ன சொல்வார்கள்? "வாங்க, உட்காருங்க" என்பார்கள். இவர் என்ன சொல்வார் தெரியுமா?

"வாங்க. அப்படியே நில்லுங்க. அங்கயேதான். இப்ப இடது பக்கம் திரும்புங்க. என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலையே."

"அதான்! இங்க ஒரு சுவர் இருந்துச்சு!"

இருக்கிற சுவரைப் பாராட்டலாம். இல்லாத சுவரை எப்படிப் பாராட்டுவது? நீங்கள் புருவத்தை உயர்த்துகிறீர்கள், "அடேயப்பா" என்கிறீர்கள், அது இருந்திருக்க வேண்டிய இடத்தில் கையை நீட்டிக் காற்றைத் துழாவிப் பார்க்கிறீர்கள். மாட்டிக்கொண்டீர்கள். இனி ஒரு மணி நேரத்துக்கு உங்களுக்கு நாற்காலி கிடையாது.

எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடிக் கண்ணாடிக்காரர் இந்த இனத்தில் கலப்படமில்லாதவர். கண் சோதித்து மூக்குக்கண்ணாடி கொடுப்பது அவர் தொழில். தங்கமான மனிதர், யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்கமாட்டார், வீட்டைச் சுற்றிக் காட்டுவதைத் தவிர. நான் அவருக்கு நேர் கீழே, இரண்டாம் மாடியில் இருக்கிறேன். தலைக்குமேல் வேலை இருக்கிறது என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது ஒன்பது மாதம் உண்மையாகவே இருந்தது.

எங்களுடையது நகரத்தின் பழைய பகுதி. இரண்டு குடைகள் எதிரெதிரே வந்தால் ஒன்று மடங்க வேண்டிய அளவுக்கு அகலமான தெரு. ரொட்டிக் கடை, பழைய புத்தகக் கடை, எதிர்வீட்டு மொட்டைமாடியில் எட்டு வருடமாக ஒரே பாட்டைப் பழகிவரும் ஒரு டிரம்பெட்காரர், விலை கேட்டதற்கே சண்டை போடும் காய்கறி வண்டிகள். இந்தச் சத்தத்துக்கு நடுவே நூற்றுப்பத்து வயதுள்ள எங்கள் நாலுமாடிக் கட்டடம். பதினாறு வீடுகள்; எல்லாருமாகச் சேர்ந்து கூட்டுறவுச் சங்கமாக நடத்துகிறோம். அதாவது, படிக்கட்டு விளக்கை மாற்றுவதற்குக்கூடப் பதினாறு பேர் கூடி விவாதிக்கிறோம்.

கண்ணாடிக்காரர் இந்த வீட்டை வாங்கியதே தெருவின் அழகுக்காகத்தான். வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்: "இந்தத் தெருவுக்கு உயிர் இருக்கு சார்." சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்துவார். சாதாரண ஜன்னலா? இரட்டைக் கண்ணாடி, நடுவில் காற்றுப் புகாத இடைவெளி, திறக்க இரண்டு ஆள் வேண்டும். உயிர் இருக்கட்டும், வெளியே இருக்கட்டும் என்பது அவர் கொள்கை.

சுற்றிக் காட்டுவதற்கு ஒரு வரிசை உண்டு. அதை யாராலும் மாற்ற முடியாது. முதலில் இல்லாத சுவர். அடுத்து, இருக்கிற சுவர். முந்தைய தலைமுறைகள் பாடுபட்டுப் பூசிய பூச்சையெல்லாம் சுரண்டி எடுத்து, உள்ளே இருந்த செங்கல்லை வெளியே கொண்டுவந்திருந்தார்.

"தொட்டுப் பாருங்க."

தொட்டேன். "சொரசொரன்னு இருக்கு."

"அதான்!"

அதற்கப்புறம் கைபேசியில் இரண்டிரண்டாகப் படங்கள். தொழில் பழக்கம் எங்கே போகும்? "பழசு நல்லா இருக்கா, புதுசு நல்லா இருக்கா? இப்ப? சரி, இப்ப?" என்று மாற்றி மாற்றிக் காட்டுவார். நாலாவது படத்துக்குள் நமக்கே கண்ணைக் கட்டிவிடும்.

கடைசியில்தான் குளியலறை. எங்கோ இடித்த பெரிய மாளிகையிலிருந்து ஒரு கதவு வாங்கிவந்தார். கனமான, கரிய, வேலைப்பாடுள்ள கதவு. அதனுடைய பழைய பூட்டும் கைவிரல் நீளச் சாவியும் அப்படியே இருந்தன. கதவு முதலில் வந்தது. அதற்குப் பொருத்தமாகக் குளியலறை பின்னால் கட்டப்பட்டது. கதவுக்கும் தரைக்கும் நடுவே காகிதம்கூட நுழையாது. குழாய்களை மறைப்பது பழைய நாகரிகமாம்; ஆகவே செப்புக் குழாய்கள் சுவரெங்கும் பாம்புபோல ஓடின. அலமாரியில் ஒரு சோப்பு, ஒரு கறுப்புக் கல். வேறெதுவும் வைக்கக் கூடாது.

"கல்லு எதுக்கு?" என்று கேட்டேன்.

"கண்ணுக்கு" என்றார்.

இந்த வீட்டில் இன்னொருவரும் இருந்தார். அவர் மனைவி, நகரப் பேருந்து ஓட்டுகிறவர். எட்டு மணி நேரம் அந்த நெரிசலில் ஸ்டியரிங் பிடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் மனிதருக்கு என்ன வேண்டும்? காலை நீட்ட ஓர் இடம். கூடத்தில் பால்போல ஒரு வெள்ளை சோபா இருந்தது. ஒருநாள் படிக்கட்டில் அதைப் பற்றி நான் விசாரித்தபோது அந்தம்மா சொன்னார்: "அது சோபா இல்ல சார். சோபா மாதிரி."

ஆகவே அவர் வீட்டுக்கு வருவதற்கு முன்னால், கட்டடத்தின் தரைத்தளத்தில் இருக்கும் பூட்டுக்காரரின் கடையில் ஓர் இரும்பு முக்காலியில் உட்கார்ந்து, கருவிப்பெட்டியின்மேல் காலை நீட்டிக்கொண்டு டீ குடிப்பார். சங்கத்துக்குச் சொந்தமான கடை அது. பூட்டுக்காரர் இருபத்திரண்டு வருடமாக அங்கே சாவி வெட்டுகிறார். தெருவில் பாதிப் பேர் வீட்டுக்குள் நுழைவது அவர் வெட்டிய சாவியால்தான். வேலை செய்யும்போது சீட்டியடிப்பார். சாவி வெட்டும் இயந்திரமும் சீட்டியடிக்கும். பல்லைக் கூசவைக்கும் சீட்டி.

அந்தச் சத்தம் இரட்டைக் கண்ணாடியையும் மீறி மூன்றாம் மாடிக்குப் போயிற்று. வந்தது வினை.

கடையின் ஒப்பந்தம் அந்த வருடம் முடிகிறது. அதை நீட்டிக்கக் கூடாது என்று பொதுக்குழுவில் கண்ணாடிக்காரர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். நாலு பக்கத்தில் ஒரு பேச்சும் தயார் செய்து, நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன் என்பதால், என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். 'அமைதியும் பாரம்பரியமும்' என்று தலைப்பு. பதினோரு எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன். மொத்தமுமே பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

ஆதரவு திரட்ட அவர் கையாண்ட முறை எளியது. அகப்பட்ட ஒவ்வொருவரையும் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சுற்றிக் காட்டினார். குளியலறை வந்ததும் தாளை நீட்டினார். வெளியே விட்டால் போதும் என்று எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

பூட்டுக்காரர் சீட்டியடிப்பதை நிறுத்திவிட்டார். ஒரு சாயங்காலம் நான் கடையைத் தாண்டும்போது கூப்பிட்டார். "எழுந்து போகச் சொன்னா எங்க சார் போவேன்? வேற தெருவுல என் சாவியை யாருக்குத் தெரியும்?" முக்காலியில் உட்கார்ந்திருந்த பேருந்தம்மா டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து மாடிக்குப் போனார். அன்றைக்கு என் தலைக்கு மேலே நடந்த பேச்சு முழுவதும் எனக்குக் கேட்டது. காது கொடுத்துக் கேட்கவில்லை. ஆனால் காதை மூடிக்கொள்ளவும் இல்லை.

"என்னங்க, அவர் போயிட்டா நான் எங்க உட்கார்றது?"

"ஏம்மா, நம்ம வீட்லதான் சோபா இருக்கே!"

"அதுல உட்காரலாமா?"

மேலே சோபா வரைக்கும் நடந்துபோகும் காலடிச் சத்தம்.

"ஓரமா" என்றார் கண்ணாடிக்காரர்.

பொதுக்குழு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, தரைத்தளத்தில் சைக்கிள் நிறுத்தும் கூடத்தில் கூடியது. எங்கள் செயலாளரம்மா தபால் நிலையத்தில் முப்பது வருடம் முத்திரை குத்தியவர். பேசும்போதும் ஒவ்வொரு வாக்கியத்தையும் குத்தித்தான் முடிப்பார். பூட்டுக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கடைசி வரிசையில் மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். பேருந்தம்மாவுக்கு அன்று காலை வேலை. எல்லோரும் வந்துவிட்டார்கள். கண்ணாடிக்காரரைத்தான் காணோம்.

பத்தேகால். பத்தரை. ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காத மனிதர். கைபேசியில் அழைத்தால் மணி அடிக்கிறது, எடுக்கவில்லை.

"தீர்மானம் கொண்டுவந்தவர் இல்லாமல் தீர்மானத்தை எடுக்க முடியாது" என்று செயலாளரம்மா குத்தினார்.

அப்போதுதான் சுவரோரமாக இறங்கும் குழாயிலிருந்து சத்தம் வந்தது. டொக், டொக், டொக்.

"குழாய்ல காத்து" என்றார் முதல் மாடித் தையல்கார அக்கா.

பூட்டுக்காரர் எழுந்து போய்க் குழாயில் காதை வைத்தார். "காத்துக்கு எண்ணத் தெரியாதுக்கா. இது மூணு தட்டித் தட்டி நிறுத்துது. யாரோ ஆள்."

எல்லோரும் மூன்றாம் மாடிக்கு ஓடினோம். வாசல் கதவில் ஒரு நவீனப் பூட்டு. செய்த கம்பெனிக்காரனே வந்தாலொழியத் திறக்காது என்று ஒவ்வொரு விருந்தாளியிடமும் சொல்லப்பட்ட பூட்டு. "அவசர நிலையைக் கருதி, உறுப்பினர்கள் முன்னிலையில், இந்தக் கதவைத் திறக்க..." என்று செயலாளரம்மா முறைப்படி அனுமதி கொடுக்க ஆரம்பித்தார். வாக்கியத்தைக் குத்தி முடிப்பதற்குள் பூட்டுக்காரர் கதவைத் திறந்துவிட்டுக் கம்பியைப் பையில் போட்டுக்கொண்டார்.

குளியலறையிலிருந்து பலவீனமான குரல். "யாரு?"

"சங்கம்" என்றார் செயலாளரம்மா.

உள்ளே ஒரு செருமல். பிறகு, "யாரும் செருப்போட வரலையே?"

நடந்தது இதுதான். கண்ணாடியின் முன்னால் நின்று பேச்சைப் பழகிப் பார்க்க எட்டு மணிக்கு உள்ளே போயிருக்கிறார். பழக்கதோஷத்தில் பூட்டிக்கொண்டார். திரும்பத் திறக்கும்போது நூற்றாண்டு கண்ட சாவி இரண்டாக உடைந்து, பிடி கையிலும் பல் பூட்டுக்குள்ளும் நின்றுவிட்டன. கத்தினார்; அந்தக் கதவையும் ஜன்னல்களையும் தாண்டி யாருக்குக் கேட்கும்? நேர் கீழே இருக்கிற நானும் காலையிலிருந்தே ரொட்டிக் கடையில் இருந்தேன். கைபேசி கூடத்தில் இருந்தது, ஏனென்றால் அலமாரியில் சோப்பும் கல்லும் மட்டும்தான் இருக்கலாம். கடைசியில் அந்தக் கல்லை எடுத்துத்தான் குழாயைத் தட்டியிருக்கிறார்.

பூட்டுக்காரர் மண்டியிட்டுச் சாவித் துவாரத்தில் கண்ணை வைத்தார். "சார், கதவை உடைச்சா ரெண்டே நிமிஷம்."

"ஐயோ, உடைக்காதீங்க! நூறு வருஷக் கதவு!" என்று அலறல். அப்புறம், குரல் இறங்கி, "யாரு... பூட்டுக்கார அண்ணனா?"

"நான்தான் சார்."

"நீங்க எப்படி இங்க..."

"கூட்டத்துக்கு வந்தேன் சார். என்னைப் பத்தின கூட்டமாச்சே."



"உடைக்கலைன்னா நேரமாகும் சார்" என்றார் பூட்டுக்காரர். "பரவாயில்ல. நல்ல பூட்டு. பொறுமையா எடுக்கலாம்."

நினைத்துப் பாருங்கள். அந்த மனிதர் இரண்டு நிமிடத்தில் தோளால் மோதிக் கதவைத் திறந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டோம். ஒருவேளை உள்ளூர மகிழ்ந்தும் இருப்போம். அவர் சலவைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, குண்டூசி போன்ற ஒரு கிடுக்கியால் உடைந்த பல்லைத் துழாவ ஆரம்பித்தார்.

பதினைந்து வீட்டுக்காரர்கள் எவ்வளவு நேரம் நிற்பார்கள்? முதலில் தையல்கார அக்கா சோபாவில் உட்கார்ந்தார். நடுவில். பிறகு ஒவ்வொருவராக. யாரோ சமையலறையைக் கண்டுபிடித்து டீ போட்டார்கள். புழுக்கம் தாங்காமல் நானும் இன்னொருவரும் சேர்ந்து பெரிய ஜன்னலை இழுத்துத் திறந்தோம். ரொட்டி வாசனையும், காய்கறிச் சண்டையும், டிரம்பெட்டும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு உள்ளே வந்தன.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல்: "எல்லாரும் கூடத்துலயா இருக்கீங்க? முதல் தடவை வர்றவங்க யாராவது இருக்கீங்களா?"

"நாங்க ரெண்டு பேர் பார்க்கலை சார்" என்று யாரோ வாய்தவறிச் சொல்லிவிட்டார்கள்.

"இடது பக்கம் திரும்புங்க. என்ன தெரியுது?"

இனத்தின் பெருமை பார்த்தீர்களா? மூன்று மணி நேரமாக அடைபட்டிருக்கிறார். தண்ணீர்த்தொட்டி விளிம்பில் உட்கார்ந்தபடி கதவு வழியாக வீட்டைச் சுற்றிக் காட்டுகிறார்!

செயலாளரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பதினாறில் பதினைந்து வீடு கூடத்தில் இருக்கிறது. ஒரு வீடு குளியலறையில் இருக்கிறது. கூட்டத்தை இங்கேயே நடத்தலாம். சார், உங்கள் தீர்மானத்தின் மேல் பேசலாம்."

உள்ளே தாள் புரளும் சத்தம். "மதிப்புக்குரிய உறுப்பினர்களே! நமது கட்டடத்தின் தொன்மையான அமைதியைக் கெடுக்கும் வகையில்..."

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சத்தை மறைக்கறீங்க" என்றார் பூட்டுக்காரர்.

தள்ளி நின்றிருக்க வேண்டும். "கெடுக்கும் வகையில், தரைத்தளத்தில்..." என்று மறுபடி ஆரம்பித்தார். நின்றார். அந்தப் பேச்சை நான் எழுத்தெண்ணிப் படித்தவன். அந்த இடத்தில் நிறுத்தக்குறி எதுவும் கிடையாது.

"கிடைச்சிருச்சு!" என்று பூட்டுக்காரர் கிடுக்கியை வெளியே இழுத்தார். நுனியில் உடைந்த பல். "மாதிரிக்கு இது போதும், கீழ போய்ப் புதுச் சாவி வெட்டிட்டு வந்துடறேன். ஆனா சார், மெஷின் போடணும். சத்தம் வரும்."

கூடத்தில் யாரும் டீயை உறிஞ்சவில்லை.

"போடுங்கண்ணே" என்றது கதவு.

கீழே இயந்திரம் அலறியது. திறந்த ஜன்னல் வழியாக அது நேராக மேலே வந்தது, பல் கூசியது, யாரும் காதைப் பொத்தவில்லை. நடுவில் ஒரு தடவை நின்றது.

"ஏன் நிறுத்திட்டாரு?" என்று உள்ளேயிருந்து பதற்றமான குரல். "யாராவது போய்ப் பாருங்களேன்! மெஷின்ல ஏதாவது கோளாறா?"

மறுபடி ஓட ஆரம்பித்தது. பெருமூச்சு ஒன்று கதவைத் தாண்டிக் கேட்டது.

"செயலாளரம்மா, என் தீர்மானத்தை எழுதாதீங்க."

"எழுதியாகிவிட்டது."

"அப்ப அடிச்சிடுங்க."

"அடிக்க முடியாது. வேண்டுமானால் எதிர்த்து ஓட்டுப் போடலாம். எதிர்ப்பவர்கள் கையைத் தூக்குங்கள்."

கூடத்தில் பதினைந்து கைகள். கையெழுத்துப் போட்ட எட்டுப் பேரின் கைகள்தான் மற்றவர்களைவிட உயரத்தில் இருந்தன.

"நானும் தூக்கிட்டேன்!"

"தெரியவில்லை" என்றார் செயலாளரம்மா.

"ரெண்டு கையையும் தூக்கிட்டேன்மா!"

ஒன்றாகவே எண்ணிக்கொண்டார். தீர்மானம் கொண்டுவந்தவர் உட்பட அனைவராலும் தீர்மானம் தோற்கடிக்கப்பட்டது. கடை ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்கு நீட்டிக்கப்பட்டது.

புதுச் சாவி ஒரே சுற்றில் திரும்பியது. கண்ணாடிக்காரர் வெளியே வந்தார். கோட்டு, டை, கையில் நனைந்த நாலு பக்கம். கூடத்தைப் பார்த்தார். சோபாவில் ஐந்து பேர், தரையில் எட்டுப் பேர், மேஜையெங்கும் டீக் கோப்பைகள், அவற்றின் அடியில் வட்ட வட்டமாகக் கறை. அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்தது, நின்றது, போயிற்று. பூட்டுக்காரரின் பக்கம் திரும்பி, அந்த வீட்டில் அதுவரை யாரும் கேட்டிராத வார்த்தையைச் சொன்னார்.

"உட்காருங்கண்ணே."

"கையெல்லாம் எண்ணெய் சார்."

"பரவாயில்ல, உட்காருங்க." பூட்டுக்காரர் சோபாவின் ஓரத்தில் தொட்டும் தொடாமலும் உட்கார்ந்தார். "நல்லா உள்ள தள்ளி உட்காருங்க" என்று சொல்லிவிட்டு, அவருக்கு டீ எடுத்துவரத் தானே உள்ளே போனார்.

பேருந்தம்மா வேலை முடிந்து வந்தபோது வீட்டு வாசலில் பதினாறு ஜோடிச் செருப்புகள். கதவைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றார். "என்னங்க இது? நம்ம வீட்ல ஆள் இருக்கு!" என்றார். பையை வீசிவிட்டுப் பூட்டுக்காரருக்குப் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்து, காலை மேஜைமேல் நீட்டினார். கண்ணாடிக்காரர் கோப்பைகளை நகர்த்தி இடம் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அவர் திருந்திவிட்டாரா என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஜன்னல் இப்போது பகலில் திறந்திருக்கிறது. சோபா வெள்ளை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆனால் சுற்றிக் காட்டுவது? அது முன்னைவிடக் கால் மணி நேரம் நீண்டுவிட்டது. குளியலறைக் கதவு வந்ததும் விருந்தாளியை உள்ளே தள்ளிப் பூட்டி, "இப்ப கத்துங்க பார்ப்போம்" என்கிறார். பிறகு அவராகத் திறந்து, புதுச் சாவியைக் காட்டி, "கீழ நம்ம அண்ணன் வெட்டினது. இந்த மாதிரி வேலை செய்ய இன்னைக்கு ஆளே கிடையாது" என்று, ஏதோ தானே கண்டுபிடித்ததுபோலப் பூரிக்கிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லதுதான். ஆனால் ஒரே ஒரு விஷயம். போன வருடம் உங்கள் வீட்டில் சமையலறை அலமாரி மாற்றினீர்கள் இல்லையா? சத்தமில்லாமல் தானாக மூடுமே, அதுதான். வந்தவர்களிடம், "நீங்களே ஒரு தடவை மூடிப் பாருங்களேன்" என்று சொன்னீர்களா? சுவரைப் பார்த்து யாரோ "நல்ல வெள்ளை" என்றபோது, "வெள்ளை இல்லைங்க, கொஞ்சம் உத்துப் பாருங்க" என்று ஆரம்பித்தீர்களா? இல்லையென்றால் சந்தோஷம். ஆமென்றாலும் நான் யாரிடமும் சொல்லமாட்டேன். உங்கள் வீட்டுக்குக் கடைசியாக வந்தவர், திடீரென்று ஓர் அவசர வேலை நினைவுக்கு வந்து பாதியிலேயே கிளம்பிப் போனாரே, அவருக்கு உண்மையிலேயே ஏதோ வேலை இருந்தது என்றா இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?